‘யூஸ்ட் டு’ என்று எழுதினால் ‘இப்போது செய்வதில்லை’ என்று பொருளாகிவிடுமா?

கேள்வி: பின்னலாடை

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் பணிபுரிகிறேன். சரக்கை அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் திறந்து பார்ப்போம் என்று எங்களிடம் சரக்கு வாங்கும் இங்கிலாந்திலுள்ள பையருக்குத் தெரிவிப்பதற்காக, எங்கள் பிரிவில் ஒருவர் ‘வீ யூஸ்ட் டு செக் எவ்ரி கார்ட்டன் பிஃபோர் டிஸ்பேட்ச்’ என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார். மறுநாள் வந்த பதிலில் இரண்டே கேள்விகள் இருந்தன: எப்போது நிறுத்தினீர்கள்? ஏன் நிறுத்தினீர்கள்?

நாங்கள் எதையும் நிறுத்தவில்லை. இன்றும் ஒவ்வொரு பெட்டியும் திறந்து பார்க்கப்படுகிறது; ஊசி முனை ஏதும் துணியில் தங்கிவிடாமலிருக்க நீடில் டிடெக்டர் வழியாகவும் செல்கிறது. இதைத் தொலைபேசியில் விளக்கிச் சமாளித்துவிட்டோம். ஆனால் அந்த வாக்கியத்தில் என்ன பிழை என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே ஒருமித்த கருத்து இல்லை. ‘வீ ஆர் யூஸ்ட் டு செக்’ என்றிருந்தால் சரியாகியிருக்கும் என்கிறார் ஒருவர். ‘டெய்லி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதும் என்கிறார் இன்னொருவர். பழக்கத்தைக் குறிக்க ‘யூஸ்ட் டு’ என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியிருக்க, இப்போதும் தொடரும் பழக்கத்துக்கு அதைப் பயன்படுத்தினால் ஏன் பொருள் மாறுகிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய வாத்தியார்

தம்பி, பையர் புரிந்துகொண்டதில் பிழையில்லை. அந்த வாக்கியம் சொல்வதைத்தான் அவர் புரிந்துகொண்டார். ‘யூஸ்ட் டு’ என்பது இறந்தகாலத்துக்கு மட்டுமே உரிய தொடர். முன்பு வழக்கமாக நடந்துவந்த செயலையோ முன்பு நிலவிய நிலைமையையோ அது குறிக்கும். இன்றைய பொது ஆங்கிலத்தில் அதற்கு நிகழ்கால வடிவம் என்று ஒன்று கிடையாது. ‘மை ஃபாதர் யூஸ்ட் டு ஸ்மோக்’ என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் உங்கள் தந்தை புகைப்பதை விட்டுவிட்டார் என்று மகிழ்வார். ‘தேர் யூஸ்ட் டு பி எ தியேட்டர் ஹியர்’ என்றால், அந்த இடத்தில் இப்போது திருமண மண்டபமோ துணிக்கடையோ வந்துவிட்டது என்று அவரே ஊகித்துக்கொள்வார். ‘டெய்லி’ என்று சேர்த்தாலும் இது மாறாது. முன்பு தினமும் பார்த்துவந்தீர்கள், இப்போது பார்ப்பதில்லை என்றுதான் ஆகும்.

இன்றும் தொடரும் வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொல்லைத் தனியாக நிறுத்தினாலே போதும்: ‘வீ செக் எவ்ரி கார்ட்டன் பிஃபோர் டிஸ்பேட்ச்.’ இதில் நம்மவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. வெறும் ‘செக்’ என்று எழுதினால் ஏதோ அரைகுறையாக நிற்பதுபோலத் தோன்றுகிறது. வழக்கம் என்னும் பொருளைத் தாங்க இன்னொரு சொல் வேண்டும் என்று மனம் தேடுகிறது. இதற்கு வகுப்பறையில் நாங்கள் பாடம் நடத்திய முறையும் ஒரு காரணம். ‘ஐ கோ’ என்றால் ‘நான் போகிறேன்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டோம். அதனால் ‘நான் போவேன்’ என்னும் சொல்லுக்கு இடம் இல்லாமல் போயிற்று. மாணவர் அதற்கு ‘வில் கோ’ என்பதையோ ‘யூஸ்ட் டு கோ’ என்பதையோ எடுத்துப் பொருத்திக்கொண்டார். உண்மையில் ‘ஐ கோ டு த டெம்பிள் எவ்ரி ஃப்ரைடே’ என்பதற்கு நேரான தமிழ், வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போவேன் என்பதுதான்.

இன்னொன்றையும் உங்கள் தொழிலுக்காகச் சொல்லி வைக்கிறேன். ‘யூஸ்ட் டு’வைத் தவிர்க்க எண்ணிப் பலர் ‘வீ யூஷுவலி செக்’ என்று எழுதுவார்கள். இலக்கணப்படி அது சரியான வாக்கியமே. ஆயினும் ‘பெரும்பாலும் பார்ப்போம், சில வேளை விட்டுப்போகும்’ என்னும் சாயல் அதில் இருப்பதால், தரக்கட்டுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படும் பையருக்கு அதை எழுதுவது புதிய தலைவலியைத் தேடிக்கொள்வதாகும். அங்கே ‘ஆல்வேஸ்’ என்று எழுதுங்கள், அல்லது எதையும் சேர்க்காமல் விடுங்கள்.

மறுமொழி: இலக்கணப்பித்தன்

வாத்தியார் ஐயா சொன்னதோடு தமிழின் பக்கத்திலிருந்தும் சிறிது சேர்க்க விரும்புகிறேன். ‘நாளைக்கு ஊருக்குப் போவேன்’, ‘தினமும் காலையில் நடக்கப் போவேன்’, ‘சின்ன வயதில் ஆற்றுக்குக் குளிக்கப் போவேன்’ ஆகிய மூன்று வாக்கியங்களையும் பாருங்கள். வினைமுற்று ஒன்றேதான். முதலாவது வரப்போவதையும், இரண்டாவது இன்று நடந்துவருவதையும், மூன்றாவது என்றோ நடந்து முடிந்ததையும் சொல்கின்றன. ‘நாளைக்கு’, ‘தினமும்’, ‘சின்ன வயதில்’ என்னும் சொற்களே காலத்தைக் காட்டுகின்றன. ஆங்கிலம் இந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு வடிவங்களாகப் பிரித்துவிடுகிறது: ‘ஐ வில் கோ’, ‘ஐ கோ’, ‘ஐ யூஸ்ட் டு கோ’. எனவே ‘பார்ப்போம்’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குபவர், இந்த மூன்றில் எது தமக்கு வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். உங்கள் அலுவலக நண்பர் இரண்டாவதற்கு உரிய இடத்தில் மூன்றாவதை வைத்துவிட்டார்.

நம் இலக்கண நூலார் இந்த வழக்கைக் கவனிக்காமல் விடவில்லை. ‘விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும்’ காலங்கள் ஒன்றுக்கொன்று மாறி வரலாம் என்று நன்னூல் ஒரு நூற்பாவில் கூறுகிறது. அவற்றுள் ‘இயல்பினும்’ என்பதற்கு உரைகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டு, ‘யாம் பண்டு விளையாடுவது இக்கா’ என்பது. கா என்றால் சோலை. முன்பு நாங்கள் இந்தச் சோலையில்தான் விளையாடுவோம் என்று பொருள். ‘பண்டு’ என்பது இறந்தகாலத்தைச் சொல்கிறது, ‘விளையாடுவது’ என்பதோ எதிர்கால வடிவில் நிற்கிறது. இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் ‘வீ யூஸ்ட் டு ப்ளே இன் திஸ் க்ரோவ்’ என்பதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடைக்காது. பழைய உரைகாரர் காட்டிய அதே இடத்தில் இந்த ஆங்கிலத் தொடர் கச்சிதமாக வந்து அமர்வது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

ஒரு திருத்தமும் உண்டு. ‘யூஸ்ட் டு’ என்றாலே அந்தச் செயல் கட்டாயம் நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. ‘ஐ யூஸ்ட் டு ஸ்விம் தேர், அண்ட் ஐ ஸ்டில் டூ’ என்று ஆங்கிலேயர்களே இயல்பாகச் சொல்வார்கள். முன்பும் நீந்தினேன், இப்போதும் நீந்துகிறேன் என்பதில் முரண் ஏதும் இல்லை. நின்றுவிட்டது என்பது கேட்பவர் செய்துகொள்ளும் ஊகம். இன்றும் தொடர்கிறது என்றால் சொல்பவர் நேராக நிகழ்காலத்திலேயே சொல்லியிருப்பாரே, அவ்வாறு சொல்லாததால் இப்போது இல்லை போலும் என்று அவர் கருதுகிறார். மறுத்துச் சொல்லாத வரை அந்த ஊகம் நிற்கும். மின்னஞ்சலில் மறுத்துச் சொல்ல யாரும் இல்லை.

மறுமொழி: சிங்கை வாசகி

நான் சற்று மாறுபடுகிறேன். இங்கே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேச்சு ஆங்கிலத்தில் ‘மை மதர் யூஸ் டு கோ டு தட் மார்க்கெட்’ என்றால், அம்மா இன்றும் அந்தச் சந்தைக்குத்தான் போகிறார் என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடில்லாமல் இப்படிப் பேசுகிறார்கள். இவ்வட்டார ஆங்கிலத்தை ஆராய்ந்த மொழியியலாளர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியாவிலும் இதே வழக்கு பரவலாக இருக்கிறது. ஆகவே இதைத் தமிழர்களின் பிழை என்று மட்டும் ஒதுக்குவது சரியன்று. மேலும், ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இந்த வினைக்கு நிகழ்கால வடிவம் இருந்தது. பிரெஞ்சு வழியாக வந்த ‘யூஸ்’ என்னும் அதே சொல், ‘வழக்கமாகச் செய்’ என்னும் பொருளில் 17-ஆம் நூற்றாண்டிலும் நிகழ்காலத்தில் வழங்கியது. பின்னர் அந்த வடிவம் பொது வழக்கிலிருந்து மறைந்து, இறந்தகால வடிவம் மட்டும் எஞ்சியது. ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே இருந்த வாய்ப்பை இப்போது ஆசிய ஆங்கிலம் மீண்டும் பயன்படுத்துகிறது என்றுகூடச் சொல்லலாம்.

மறுமொழி: பழைய வாத்தியார்

அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘ஐ யூஸ்ட் டு கம் பை டிரெயின்’ என்றிருந்தால் ஒருவரும் குழம்பப் போவதில்லை. எழுதியவரும் படிப்பவரும் ஒரே வழக்கில் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தம்பியின் கடிதம் போன இடம் வேறு. வாசகர் எந்த ஆங்கிலத்தில் வாழ்கிறாரோ அந்த ஆங்கிலத்தில்தான் அவர் பொருள் கொள்வார். நம் வட்டார வழக்கின் நியாயத்தை அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தால் அதற்குள் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும். தேர்விலும் இதே நிலைதான்.

பின்னலாடை

ஐயா, சகோதரி, நண்பர் அனைவருக்கும் நன்றி. ‘யாம் பண்டு விளையாடுவது இக்கா’ எடுத்துக்காட்டை அலுவலகத்தில் சொன்னபோது, இலக்கணம் என்றாலே ஓடுபவர்கள்கூட நின்று கேட்டார்கள். ஆனால் ‘வீ ஆர் யூஸ்ட் டு செக்’ என்று சொன்னவர் இன்னும் விடவில்லை. ‘ஆர்’ என்பது நிகழ்காலம் என்பதால் இன்றைய வழக்கத்தை அது குறிக்கத்தானே வேண்டும் என்று கேட்கிறார். எங்கள் இயந்திரத்தின் மேல் ‘திஸ் மெஷின் இஸ் யூஸ்ட் டு டிடெக்ட் ப்ரோக்கன் நீடில்ஸ்’ என்று ஒட்டியிருப்பதையும் சான்றாகக் காட்டுகிறார். அது பிழையான வாக்கியமா?

மறுமொழி: இலக்கணப்பித்தன்

இயந்திரத்தின் மேல் ஒட்டியிருப்பது பிழையற்ற வாக்கியம். ஆனால் அது முற்றிலும் வேறு தொடர். எழுத்தில் ஒன்றுபோல் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். அங்கே ‘யூஸ்’ என்பதற்குப் ‘பயன்படுத்து’ என்னும் வழக்கமான பொருள். உடைந்த ஊசிகளைக் கண்டுபிடிக்க இந்த இயந்திரம் பயன்படுத்தப்படுகிறது என்னும் செயப்பாட்டு வினை அது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். பயன்படுத்துவதைக் குறிக்கும்போது நடுவிலுள்ள ஒலி, விலங்குக் காட்சிசாலையைக் குறிக்கும் ‘ஜூ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியை ஒத்து அதிர்வுடன் ஒலிக்கும். ஏறக்குறைய ‘யூஸ்ட்’ என்பதற்கும் ‘யூஜ்ட்’ என்பதற்கும் இடைப்பட்ட ஒலி. வழக்கத்தையும் பழக்கத்தையும் குறிக்கும்போது அது ‘பஸ்’ என்பதன் இறுதி ஒலிபோல் அதிர்வின்றி ஒலிக்கும். அதோடு சொல்லின் இறுதியிலுள்ள ‘டி’ ஒலியும் அடுத்துவரும் ‘டு’வோடு கரைந்து, ‘யூஸ்டு’ என்று ஒரே மூச்சில் வரும். நம்மில் பலர் இரண்டையும் ஒரே ஒலியில் சொல்வதால் காது இந்த உதவியைச் செய்வதில்லை.

அடுத்து உங்கள் நண்பரின் வாக்கியம். ‘ஆர்’, ‘ஆம்’, ‘இஸ்’, ‘வாஸ்’ ஆகியவற்றோடு வரும் ‘யூஸ்ட் டு’ ஒரு செயல் வழக்கமாக நடப்பதைக் குறிக்காது. அது ஒருவருக்குப் புதிதாகவோ கடினமாகவோ தோன்றாமல் பழகிப்போய்விட்டது என்பதைக் குறிக்கும். தையல் கூடத்தில் வேலை செய்பவர் ‘ஐ ஆம் யூஸ்ட் டு த நாய்ஸ்’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரங்களின் இரைச்சல் அவருக்குப் பழகிவிட்டது, அது அவரைத் தொந்தரவு செய்வதில்லை. அந்த ‘டு’வுக்குப் பின்னால் ‘நாய்ஸ்’ என்னும் பெயர்ச்சொல் வந்திருப்பதைக் கவனியுங்கள். அதே இடத்தில் ஒரு வினையை வைக்க வேண்டுமானால் அதையும் பெயராக்கித்தான் வைக்க வேண்டும்: ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்.’ இரவு வேலை எனக்குப் பழகிவிட்டது. ‘யூஸ்ட் டு வொர்க் அட் நைட்’ என்று ‘ஆம்’ இல்லாமல் சொன்னால், முன்பு இரவு ஷிப்டில் இருந்தேன், இப்போது இல்லை என்று பொருள். ஒரு சிறு ‘ஆம்’ என்பதும் இறுதியிலுள்ள ‘இங்’ என்பதும் சேர்ந்து ஆளையே பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாற்றிவிடுகின்றன. பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுதாகப் பழகவில்லை என்பதற்கு ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்’ என்பார்கள்.

எனவே ‘வீ ஆர் யூஸ்ட் டு செக்’ என்பது வடிவத்திலேயே பிழை. அதை ‘செக்கிங்’ என்று திருத்தினாலும், பெட்டிகளைத் திறந்து பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன தொல்லைதான் என்று சலித்துக்கொள்வதுபோல் ஆகும். பையரிடம் சொல்லத் தக்க செய்தி அதுவன்று.

மறுமொழி: பழைய வாத்தியார்

இதே ‘டு’ இன்னோர் இடத்திலும் நம்மவர்களை இடறிவிடுகிறது. மின்னஞ்சலின் முடிவில் எழுதும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பின் ‘ஹியர்’ என்று எழுதுபவர்களே மிகுதி. அங்கும் ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ என்றுதான் வர வேண்டும். ‘டு’வுக்குப் பிறகு ‘இட்’ அல்லது ‘திஸ்’ என்று வைத்துப் பாருங்கள். வாக்கியம் பொருந்தி நின்றால் அந்த இடத்தில் வினைக்கு ‘இங்’ வேண்டும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு இட்’ நிற்கிறது. ‘ஐ யூஸ்ட் டு இட்’ நிற்கவில்லை.

மறுமொழி: தேர்வர்

இழையின் நடுவே புகுவதற்குப் பொறுத்தருள்க. நான் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘யூஸ்ட்’ என்பதன் இறுதியிலுள்ள ‘டி’ என்னும் எழுத்து வருமா, வராதா? மேலும், ‘யூஸ்ட் டு’வுக்குப் பதிலாக ‘வுட்’ என்றும் எழுதலாம் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எல்லா இடத்திலும் மாற்றி எழுத முடியுமா?

மறுமொழி: பழைய வாத்தியார்

எதிர்மறையில் ‘டிட்’ வந்து இறந்தகாலத்தைச் சுமந்துகொள்வதால், பின்னால் வரும் சொல்லுக்கு அந்த ‘டி’ எழுத்து தேவையில்லை: ‘ஐ டிடின்ட் யூஸ் டு லைக் காஃபி’, ‘டிட் யூ யூஸ் டு லிவ் இன் மதுரை?’ பேசும்போது இரண்டும் ஒரே ஒலியாகவே கேட்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே பலர் ‘டி’யைச் சேர்த்து எழுதுகிறார்கள், அதை ஏற்கும் அகராதிகளும் இல்லாமலில்லை. தேர்வில் ‘டி’ இல்லாமல் எழுதுங்கள். அந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் ‘நெவர் யூஸ்ட் டு’ என்று எழுதிவிடலாம். அங்கே ‘டிட்’ இல்லாததால் ‘டி’ தன் இடத்திலேயே இருக்கும். பழைய பிரித்தானிய நூல்களில் ‘யூஸ்ட் நாட் டு’ என்று காண்பீர்கள். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

மறுமொழி: இலக்கணப்பித்தன்

‘வுட்’ பற்றி நான் சொல்கிறேன். மீண்டும் மீண்டும் நடந்த செயலானால் மாற்றி எழுதலாம். ‘மை கிராண்ட்மதர் வுட் டெல் அஸ் ஸ்டோரீஸ் எவ்ரி நைட்’ என்பது இனிமையான வாக்கியம். தமிழில் ‘பாட்டி ராத்திரியில் கதை சொல்வாள்’ என்கிறோமே, அதே நடை. ஆனால் நிலைமையைக் குறிக்கும் வினைகளுக்கு ‘வுட்’ பொருந்தாது. ‘வீ யூஸ்ட் டு ஹேவ் எ கவ்’ என்று சொல்லலாம், எங்கள் வீட்டில் முன்பு ஒரு பசு இருந்தது. ‘வீ வுட் ஹேவ் எ கவ்’ என்றால், ஏதோ நிபந்தனை நிறைவேறினால் பசு வைத்திருப்போம் என்று கேட்பவர் எண்ணி, அந்த நிபந்தனை என்னவென்று காத்திருப்பார். இருத்தல், உடைமை, விருப்பம், அறிதல் ஆகியவற்றுக்கெல்லாம் ‘யூஸ்ட் டு’வையே வைத்துக்கொள்ளுங்கள்.

‘வுட்’டுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காலத்தை முன்கூட்டியே நிறுவாமல் அதைக் கொண்டு தொடங்கினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். அதனால் கதை சொல்பவர்கள் முதல் வாக்கியத்தில் ‘யூஸ்ட் டு’வை வைத்து, நாம் பழைய காலத்தில் இருக்கிறோம் என்று உணர்த்திவிட்டு, அடுத்தடுத்த வாக்கியங்களில் ‘வுட்’டுக்கு மாறுவார்கள். எல்லா வாக்கியத்திலும் ‘யூஸ்ட் டு’ என்றே எழுதினால் பிழையில்லை, ஆனால் படிக்க அலுப்பாக இருக்கும்.

மறுமொழி: தேர்வர்

மிக்க நன்றி. அப்படியானால் ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் சேலம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதலாம் அல்லவா? லிவ் என்பது நிலைமை வினைதானே?

மறுமொழி: பழைய வாத்தியார்

நிலைமை வினைதான், ஆனால் ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று மொத்த அளவைச் சொன்னவுடனே அங்கே ‘யூஸ்ட் டு’வுக்கு வேலையில்லாமல் போய்விடுகிறது. இத்தனை ஆண்டு, இத்தனை முறை என்று எண்ணிச் சொல்லும் இடத்தில் சாதாரண இறந்தகாலமே வரும்: ‘ஐ லிவ்ட் இன் சேலம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’, ‘ஐ வென்ட் டு ஊட்டி த்ரீ டைம்ஸ்.’ ‘எவ்ரி சம்மர்’, ‘ஆன் சண்டேஸ்’, ‘ட்வைஸ் எ வீக்’ போன்றவை மொத்தக் கணக்கல்ல, வழக்கத்தின் இடைவெளி. அவற்றோடு ‘யூஸ்ட் டு’ தாராளமாக வரும். உங்கள் வாக்கியத்தில் ஐந்தாண்டுகளை எடுத்துவிட்டு ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் சேலம்’ என்று நிறுத்தினால் அது குறையற்ற வாக்கியம். எத்தனை ஆண்டுகள் என்று தேர்வாளர் கேட்டால் அடுத்த வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளுங்கள்.